கட்டணத்திற்கு முன் உடல்நிலையைக் கேட்கும் கூடம்

“இந்த வயதில் உடற்பயிற்சிக் கூடம் எதற்கு? நாள் முழுவதும் கழனியில் உழைக்கிறோமே, போதாதா?” அனந்தபுரத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வருவோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா இது.

கழனி வேலை கடினமானதுதான். ஆயினும், குனிந்த நிலையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாத் தசைகளுக்கும் பயிற்சியாகாது. நடுவயதிலிருந்து தசை சிறுகச் சிறுகக் குறைகிறது. அறுபதைக் கடந்தபின் அக்குறைவு விரைவுபெறுகிறது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாமை, பேருந்துப் படியில் தடுமாற்றம், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிதல் ஆகியவற்றிற்கு இத்தசை இழப்பும் ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளேனும் தசை வலிமைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தோர் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். காலை நடை இவற்றுள் முதலாவதை மட்டுமே நிறைவேற்றும்.

முதுமையிலும் தசை வலுப்பெறும். பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் தம் பேரன்களின் ஊக்கத்தால் பளு தூக்கப் பழகி, 2024இல் 82ஆம் வயதில் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ எடையைத் தூக்கினார். அனைவரும் அவ்வாறு தூக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தூக்குவதும் ஒரு தொடக்கமே.

அவ்வாறாயின், எந்தக் கூடத்தில் சேர்வது? பளபளக்கும் கருவிகளையும் கண்ணாடிச் சுவர்களையும் கண்டு முடிவு செய்யாதீர்கள். முதல் நாளில் அங்கு உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். “ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் தள்ளுபடி” என்றே பேச்சைத் தொடங்கும் இடத்தில் தயங்குங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், மூட்டுவலி, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை விசாரித்து, மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டுவரச் சொல்லும் பயிற்சியாளரே உங்களுக்கு உரியவர்.

அடுத்து, நீங்கள் செல்லவிருக்கும் நேரத்திலேயே ஒருமுறை சென்று பாருங்கள். பயிற்சியாளர் அருகில் நின்று கற்பிக்கிறாரா? தரை வழுக்குகிறதா? கைப்பிடி உள்ளதா? பெண்கள் கூச்சமின்றிப் பயில இயலுமா? செஞ்சிக்கோ விழுப்புரத்திற்கோ பேருந்தேறிச் செல்ல வேண்டிய பெரிய கூடத்தைவிட, நடந்து செல்லும் தொலைவிலுள்ள சிறிய கூடமே மேல். தொலைவு கூடினால் பழக்கம் விட்டுப்போகும். முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டணம் செலுத்துவது நலம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் வெறும் வயிற்றில் பயிலலாகாது. சிறிது சர்க்கரையோ மிட்டாயோ உடன் வைத்திருங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும். கூடத்தில் விற்கும் புரதப் பொடியை, குறிப்பாகச் சிறுநீரகக் குறைபாடு உள்ளோர், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். நெஞ்சுவலியோ மயக்கமோ அளவு மீறிய மூச்சிரைப்போ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அது தணியாவிடில் 108ஐ அழையுங்கள்.

தக்க கூடம் அருகில் இல்லையெனில் மனம் தளர வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் போன்ற பயிற்சிகளை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: “உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று பெரியவர்களைத் தடுக்காதீர்கள். முதல் நாள் அவர்களுடன் நீங்களும் செல்லுங்கள். பிறர் துணையின்றி எழுந்து நடமாடும் உரிமையைத்தான் அவர்கள் அங்கே காத்துக்கொள்ளப் போகிறார்கள்.