சித்திரக்கதையில் வராத ஊர்

பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் இடம்பெயர்ந்த கதையை நெய்வேலிப் பெரியோர் அறிவர். சித்திரக்கதையாக அதைக் காண்பதுதான் அரிது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், ஆங்கிலேய நாயகனை இரும்புக்கை மாயாவியாக்கித் தமிழ் பேசவைத்தது. பின்வந்த லயன் காமிக்ஸ், இத்தாலியின் டெக்ஸ் வில்லரை வீட்டுப்பிள்ளையாக்கியது. சிறு பதிப்பகங்களின் அவ்வுழைப்பு பெரிது. எனினும் மொழிபெயர்ப்பின் சரளத்தையும் அச்சின் பொலிவையும் மட்டும் அளக்கும் மதிப்புரை, யாருடைய மண் வரையப்பட்டது எனக் கேட்க மறக்கிறது. நருமதை அணையால் நிலமிழக்கும் மக்களை ஓரிஜித் சென் 1994இலேயே ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ என்னும் ஆங்கில நூலில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக்கினார். அதை வெளியிட்டது பெரும்பதிப்பகமன்று. சுரங்கத்தின் மண்மேடுகளும் நிலத்தைக் குடையும் வாளிச்சக்கர எந்திரங்களும் கறுப்பு மைக்கென்றே அமைந்தவை. வண்ணத்தாளுக்குச் செலவிட இயலாத சிறு பதிப்பகத்திற்கு அதுவும் ஒரு வசதியே! பல ஆண்டுகள் புத்தகக் கண்காட்சி கண்ட நெய்வேலியில் அத்தகைய நூலுக்கு வாசகர் பஞ்சம் இராது.