சிறுமூளையும் யோசிக்கிறது!

தலையின் பின்புறம், பிடரிக்குச் சற்று மேலே இருப்பது சிறுமூளை. மொத்த மூளையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்களில் 6,900 கோடி அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன!

அவ்வளவு அணுக்களுக்கு அங்கே என்ன வேலை?

தடுமாறிய புறா

பிரெஞ்சு விஞ்ஞானி புளூரன்ஸ் 1820-களில் புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார். புறா சாகவில்லை. ஆனால் நிற்கவும் நடக்கவும் தடுமாறியது. ஆகவே, கைகால் அசைவைச் சீராக்குவதே சிறுமூளையின் வேலை என்று டாக்டர்கள் நெடுங்காலம் எண்ணி வந்தார்கள்.

1998-ல் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் ஜெரமி ஷ்மாமன், ஜானெட் ஷெர்மன் என்ற நிபுணருடன் சேர்ந்து 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குச் சிறுமூளையில் மட்டுமே கோளாறு. ஆனால் திட்டமிட முடியவில்லை. பேச்சில் சொல் வரவில்லை. சிலருடைய சுபாவமே மாறிவிட்டது. பெரியவர்கள் சிறுபிள்ளை போல நடந்தார்கள்!

கால் தள்ளாடுவது போல எண்ணமும் தள்ளாடுகிறது என்றார் ஷ்மாமன்.

முப்பது மார்க் பரீட்சை

மறதி நோய் இருக்கிறதா என்று அறிய டாக்டர்கள் முதலில் ஒரு சிறு பரீட்சை வைக்கிறார்கள். 1975-ல் அமெரிக்காவில் உருவான 30 மார்க் பரீட்சை பல நாடுகளுக்கும் பரவியது. இன்று என்ன தேதி? இது எந்த ஊர்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வரும்? இப்படிக் கேள்விகள்.

இந்தப் பரீட்சை இரண்டு விதமானவர்களிடம் ஏமாந்து போகும்.

ஒருவர், சிறுமூளை நோயாளி. தேதியும் ஊரும் அவருக்கு நினைவிருக்கும். நல்ல மார்க் வாங்கிவிடுவார். வீட்டிலோ, ஒரு வேலையை ஒழுங்காகத் தொடங்கி முடிக்கத் தெரியாமல் திண்டாடுவார். "வேண்டுமென்றே செய்கிறார்" என்று வீட்டார் கோபிப்பார்கள். இதற்காகவே ஷ்மாமன் குழுவினர் 2018-ல் தனிப் பரீட்சை ஒன்றை வெளியிட்டார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, மிருகங்களின் பெயர்களை அடுக்குவது போன்ற பத்துச் சோதனைகள் அதில் உண்டு.

மற்றவர், பள்ளிக்கூடம் போகாதவர். அந்த 30 மார்க்கில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் மார்க் உண்டு. எழுத்தறியாத பாட்டி அதை இழந்தால், அது மறதி நோயா? இல்லவே இல்லை! அரியானாவில் பல்லப்கர் கிராம மக்களிடம் ஆராய்ச்சி செய்த டாக்டர் மேரி கங்குலி குழுவினர், எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும்படி அதை இந்தியில் மாற்றி 1995-ல் வெளியிட்டார்கள்.

அவசர முடிவு வேண்டாம்

மறதி நோயில் பெரும்பாலும் காணப்படுவது அல்சைமர் நோய். அது பொதுவாகச் சிறுமூளையில் தொடங்குவதில்லை. நினைவைக் காக்கும் பெருமூளைப் பகுதியில்தான் தொடங்குகிறது. எனவே, சிறுமூளைப் பரீட்சை மட்டும் எல்லா மறதியையும் காட்டிவிடாது.

மறதி எல்லாம் மறதி நோயும் அல்ல. தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மறதி நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களின் மாறுதலை முதலில் காண்பவர்கள் வீட்டார்தான். நேற்றுவரை கடைக்கணக்கு பார்த்தவர் இன்று குழம்புகிறாரா? சாந்தமானவர் திடீரென்று சீறுகிறாரா? நடையும் பேச்சும் தடுமாறுகின்றனவா? கோபிக்காமல் டாக்டரிடம் அழைத்துச் சென்று, கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். மார்க்கு சொல்லாததை வீட்டார் சொல்ல முடியும்.