இருபுறமும் கூர் வைக்கத் தெரிந்த கை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் தோப்புத் தோப்பாக நிற்கின்றன. மட்டை கழிக்கவும் கிளை கவாத்து செய்யவும் அரிவாள் இல்லாமல் முடியாது. லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அரிவாள் அடித்துத் தரும் பட்டறைகளைத் தென்மாவட்டங்களில் இன்றும் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்திக்கு அரிவாள்தான் அடையாளம். கேள்வி இதுதான்: அந்தப் பட்டறைகளில் இருபுறமும் கூர் கொண்ட, நடுவில் முகடு பிசகாத ஓர் இரும்பு வேலை எத்தனை பேரால் செய்ய முடியும்?

அரிவாளுக்கு ஒரே வாய். எதிர்ப்பக்கம் தடித்த முதுகு என்பதால், தீட்டும்போது நேரும் சிறு பிழையை அந்த முதுகு தாங்கிக்கொள்ளும். வேலுக்கும் கட்டாரிக்கும் அந்தச் சலுகை கிடையாது. 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். நடு முகட்டிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் 20 மில்லிமீட்டர் சரிவு. இரண்டு முகத்திலுமாக நான்கு சரிவுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 டிகிரி. கை ஒரு டிகிரி சாய்ந்தாலே வாயருகில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்துவிடும். தோய்ச்சலுக்கு முன் வாயில் விட்டுவைக்கும் கனமே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்.

ஒரு சரிவு அதிகம் தேய்ந்தால் முகடு எதிர்ப்பக்கம் நகரும். அதைச் சரிசெய்ய அடுத்த சரிவைத் தேய்க்க வேண்டும்; பிறகு மறுமுகத்தை. ஆட்டம் நிற்க நாற்காலியின் கால்களை மாற்றி மாற்றி அறுத்த கதையாக, கடைசியில் கையில் மிஞ்சுவது தகடு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நடுக்கோட்டையும் வாய்க்கோட்டையும் முதலிலேயே கீறிக்கொண்டு, நான்கு சரிவுகளையும் சிறிது சிறிதாக முறைவைத்துத் தீட்டுகிறார்கள். ஒருபக்கம் மெலிந்த பட்டையைத் தோய்த்தால் அந்தப் பக்கம் முதலில் குளிர்ந்து, அலகு வளைந்துவிடும். தோய்ச்சலுக்குப் பிறகு தீட்டும்போதும் கவனம் வேண்டும். சாணையின் சூட்டில் எஃகு வைக்கோல் நிறத்தைத் தாண்டி, 300 டிகிரி அளவில் நீலம் பூத்தால், ஏற்றிய கடினத்தில் ஒரு பகுதி போய்விடும். எல்லாவற்றிலும் மெல்லிய முனைதான் முதலில் சூடாகும்.

இந்தக் கைத்திறன் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை அலெக்சாண்டர் ரீ 1899-ல் தோண்டத் தொடங்கியபோது இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும் வெளிவந்தன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. தஞ்சைக் கட்டாரிகளின் நடுமுகடும் அதன் இருபுறமும் ஒன்றுபோல் ஓடும் பள்ளங்களும், தீட்டியவரின் அளவைச் சொல்லும். இன்று நேர்த்திக்கடனாகக் கோயிலுக்கு வரும் வேல்கள் பலவும் தகட்டை வெட்டி மெருகேற்றியவை. வடிவம் இருக்கிறது, சாணை வேலை இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லுத்தொழிலும் உண்டு. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாட்கள். அதில் சேராத தமிழ்நாடு அரசு, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம். பணம் வந்தால் நல்ல சாணை இயந்திரம் வாங்கலாம். ஆனால் நான்கு சரிவையும் முகடு பிசகாமல் தீட்டும் பழக்கம் ஒரு வாரத்தில் கைக்கு வராது.

அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய பிளேடுஸ்மித் சங்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே 'மாஸ்டர் ஸ்மித்' பட்டம் கேட்பவர் நடுவர்கள் முன் வைக்கும் ஐந்து கத்திகளில் ஒன்று, இருபுறமும் கூர் கொண்ட குறுவாளாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு தேர்வு வைத்து, அந்த இடத்தை வேலுக்குக் கொடுக்கலாம்.

காவல்துறை தயங்கும் என்பது உண்மை. 2021 செப்டம்பரில் ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கும்படி பட்டறைகளுக்கு உத்தரவு போனது. 2016 ஆயுத விதிகளின்படி, 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய அலகுகள் ஆயுதக் கணக்கில் வரும். விலக்கு வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில்துறை ஆகிய பயன்களுக்குத்தான், கோயிலுக்கு இல்லை. ஆனால் தென்மாவட்ட வழக்குகளில் அடிக்கடி அடிபடுவது ஒற்றை வாய் அரிவாள்தான். தேர்வுக்காகச் செய்யும் வேலோ எண் பொறிக்கப்பட்டு, நடுவர் கையெழுத்துடன் கோயில் பதிவேட்டில் ஏறப்போவது.

தொடக்கத்தை விருதுநகர் மாவட்டத்திலேயே வைக்கலாம். கைவினைத் திட்டத்தில் தேர்வாகும் கொல்லர்களுக்கு ராஜபாளையத்தில் ஆறு மாதச் சாணைப் பயிற்சி. சொல்லித்தர மூத்த கொல்லர்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம். முடிவில் 9 அங்குலத்துக்கு உட்பட்ட, 2 அங்குலத்துக்கு மேல் அகலம் போகாத ஒரு வேல். நீளமான கோயில் வேல்களுக்கு விலக்கு கேட்டு மாநில அரசு மத்திய உள்துறைக்கு எழுதலாம். அடுத்த பட்ஜெட்டுக்குள் இரண்டையும் முடிக்க முடியும்.