சுவாரெஸின் கையும் வாயும்

உருகுவே ஆட்டக்காரர் லூயிஸ் சுவாரெஸ் அன்றைக்குப் பந்தைக் கையால் தடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை என்று சொன்னால், இன்றைக்கும் சண்டைக்கு வருகிறார்கள். கால்பந்து பார்க்கிற நண்பர்கள் நாலு பேர் கூடினால் ‘யார் பெரிய ஆட்டக்காரர்’ என்ற பேச்சு வராமல் போகாது. மெஸ்ஸியா, ரொனால்டோவா என்பதெல்லாம் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். சுவாரெஸ் பெயர் வந்தால்தான் குரல் உயர்கிறது.

2010 ஜூலை 2. ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தில் உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவேயும் கானாவும். கானாவின் முந்தாரி போட்ட கோலுக்கு உருகுவேயின் ஃபோர்லான் பதில் கோல் போட, 1-1. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. நம் ஊரில் அப்போது பின்னிரவு இரண்டரை மணி இருக்கும். கானாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கோல்கீப்பர் முஸ்லேரா முன்னால் வந்து கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். அப்பியா அடித்த பந்து, கோட்டில் நிற்கும் சுவாரெஸின் காலில் பட்டுத் திரும்புகிறது. அதை அடியா தலையால் முட்டுகிறார். சுவாரெஸ் இரண்டு கைகளையும் தூக்கித் தட்டிவிடுகிறார். பக்கத்தில் நின்ற ஃபூசிலேயும் கையைத் தூக்கியிருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ரெட் கார்டு. பெனால்டி. அசமோவா கியான் அடித்த பந்து கிராஸ்பாரில் மோதி மேலே பறந்தது. அழுதுகொண்டே வெளியே போய்க்கொண்டிருந்த சுவாரெஸ் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். ஷூட் அவுட்டில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயர் கானாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது 2022-ல் மொராக்கோவுக்குத்தான் கிடைத்தது.

கானாக்காரர்களின் கோபம் நியாயமானது. அந்தக் குதியாட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ‘ஏமாற்றுக்காரன்’ என்ற பட்டத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பந்தைக் கையால் தடுத்தால் இன்ன தண்டனை என்று விதி எழுதிவைத்திருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. தண்டனை உடனே கிடைத்தது. நெதர்லாந்துடன் நடந்த அரையிறுதியிலும் அவர் இல்லை. உருகுவே 2-3 என்று தோற்றது. கோலாகியிருக்க வேண்டிய பந்துக்கு வெறும் பெனால்டி போதாது என்றால், திட்டவேண்டியது விதியைத்தான். ரக்பியில், தவறு நடக்காவிட்டால் பெரும்பாலும் புள்ளி வந்திருக்கும் என்று நடுவர் கருதினால் அந்தப் புள்ளியையே கொடுத்துவிடுகிறார்கள். கால்பந்திலும் கேட்கலாம், நான் அதை ஆதரிப்பேன்.

இதே ஆட்கள் மரடோனா என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி. அவரும் கையைத்தான் பயன்படுத்தினார். நடுவர் கண்ணில் படவில்லை, கோல் கணக்கில் ஏறியது, ஆட்டம் 2-1 என்று முடிந்தது. தண்டனை எதுவும் கிடையாது. நாலு நிமிடம் கழித்து அவர் போட்ட இன்னொரு கோல், அப்படி ஒன்றை யாரும் போட்டதில்லை என்று சொல்லத்தக்க கோல்; அந்த அழகில் முந்தைய கோலும் சேர்ந்து புனிதமாகிவிட்டது. மாட்டிக்கொண்டு தண்டனையை அனுபவித்தவர் அயோக்கியர், தப்பித்தவர் தெய்வம் என்பது என்ன நீதி?

எனக்கு உண்மையில் ஆதங்கம் கியான் விஷயத்தில். அந்த இரவைப் பற்றிப் பேசும்போது பெனால்டியைத் தவறவிட்டவர் என்பதோடு அவரை விட்டுவிடுகிறார்கள். அடுத்து ஷூட் அவுட் தொடங்கியபோது கானாவுக்காக முதலில் அடிக்க வந்ததும் அவர்தான். ஒரு கண்டமே எதிர்பார்த்திருந்த உதையைச் சற்றுமுன் தவறவிட்ட மனிதர், மறுபடியும் பந்தை வைத்து, மேல்மூலை பார்த்து அடித்து, கோலாக்கினார். உலகக் கோப்பைகளில் மொத்தம் 6 கோல், கேமரூனின் ரோஜர் மில்லாவைவிட ஒன்று கூடுதல். ஆட்டக்காரரின் நெஞ்சுறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2022-ல் கத்தாரில் இதே இரண்டு அணிகளும் மறுபடி மோதுவதற்கு முன், கானாவிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்று சுவாரெஸிடம் கேட்டார்கள். மாட்டேன், பெனால்டியைத் தவறவிட்டது நானில்லை என்றார். பதிலில் ஈரமில்லை. தப்பும் இல்லை.

கை விஷயம் இவ்வளவுதான். வாய் விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

கடித்ததைச் சொல்லவில்லை. 2010-ல் பக்கால், 2013-ல் இவானோவிச், 2014 உலகக் கோப்பையில் கியெல்லினி என்று மூன்று பேரைக் கடித்தார், மூன்று முறையும் தடை வாங்கினார். கடைசித் தடை அளவுக்கு மிஞ்சியது என்று கடிபட்ட கியெல்லினியே சொல்லிவிட்டார்.

நான் சொல்வது 2011 அக்டோபரில் ஆன்ஃபீல்டில் பேசிய பேச்சு. மான்செஸ்டர் யுனைடெட்டின் பத்ரிஸ் எவ்ராவின் நிறத்தைச் சொல்லி, ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப அவமதித்தார் என்று இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் விசாரணைக் குழு முடிவு செய்தது. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். தீர்ப்பு வந்த மறுநாள் விகனில் அவருடைய லிவர்பூல் அணி வீரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டி-சர்ட் அணிந்து பயிற்சிக்கு வந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த எவ்ராவுக்கு எப்படியிருந்திருக்கும்? தடை முடிந்து வந்து, ஓல்டு டிராஃபோர்டில் எவ்ரா நீட்டிய கையையும் சுவாரெஸ் பிடிக்கவில்லை. இனவாதி என்ற பெயர் தனக்குப் பொருந்தாது என்று சுயசரிதையிலும் வாதாடினார்.

விவாதத்தில் இதையும் கையால் தடுத்ததையும் கடித்ததையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார்கள். எதிர்த்தரப்பு உடனே 2013-14 சீசனைக் கொண்டுவருகிறது: 33 ஆட்டத்தில் 31 லீக் கோல், அதில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. உருகுவேக்கு 69 கோல் என்ற சாதனையையும் சேர்க்கிறது. நான் ரசித்த கோல்கள்தான் எல்லாம். அவற்றில் எதுவும் எவ்ராவுக்கு ஈடு செய்யாது. ஆட்ட விதியை மீறியதற்கு ஆட்டத்துக்குள்ளேயே கணக்குத் தீர்க்கலாம். மனிதனைத் தோலை வைத்துத் தாழ்த்தியதற்கு அங்கே கணக்குத் தீராது.

டி-சர்ட் அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி காராகர், 2019-ல் தொலைக்காட்சியில் எவ்ராவின் முகத்துக்கு நேரே, நாங்கள் செய்தது பெருந்தவறு என்று மன்னிப்புக் கேட்டார். சுவாரெஸின் ரசிகர்கள் பலருக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை. கானாவிடம் அவர் தலைகுனிய வேண்டியதில்லை என்று அவர்களோடு சேர்ந்து நானும் வாதாடுவேன். எவ்ரா பெயர் வந்ததும் அவர்கள் கோல் கணக்கை எடுத்தால், எதிர்ப்பக்கம் போய் உட்காருவேன்.