இரு மலைகள், இரு கற்கள்

ஆலயத் திருப்பணி என்றதும் நாவில் முதலில் எழும் சொல் ‘கருங்கல்’. கருவறைச் சுவர், மண்டபத் தூண், படிக்கட்டு யாவும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஆயினும் அப்பெயருக்குள் குணம் வேறுபட்ட கற்கள் பல உள்ளன. அவற்றுள் இரண்டை அறிய விழைவோர்க்குச் சேலத்தை ஒட்டிய இரு தெய்வ மலைகளே போதும்.

முதலாவது, ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலை. அதன் உச்சியில், குறுகிய குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் அருள்பாலிக்கின்றனர். மே மாதம் மலைவாழ் மக்கள் எடுக்கும் திருவிழா பெயர் பெற்றது. இம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கல். புதிதாக உடைத்த முகத்தில் கருநீலமும் பசுமையும் கலந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும்.

இரண்டாவது, அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியுள்ள திருச்செங்கோட்டு மலை. சங்ககிரி வரை பரவியுள்ள இக்கல் கிரானைட். வெளிர் நிறமுடையது, சில இடங்களில் இளஞ்சிவப்பு ஓடும். காக்காப்பொன் எனப்படும் அபிரகத் துகள்கள் வெயிலில் பளிச்சிடும்.

சார்னோக்கைட் என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த பலகையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு இட்டார். அப்பலகையோ சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியைச் சேர்ந்த கல்.

இரண்டிலும் குவார்ட்சும் பெல்ஸ்பாரும் உண்டு. வேறுபாடு நீரில் உள்ளது. கிரானைட்டின் அபிரகம் தன் படிகத்துக்குள் நீரின் கூறுகளைப் பிணைத்து வைத்திருக்கும். சார்னோக்கைட்டோ பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவாவது. அதில் அபிரகத்தின் இடத்தை ஹைபர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. குழம்பு உறைந்து பிறந்த சார்னோக்கைட்டும் உண்டு. பழம்பாறை வெந்து மாறியதும் உண்டு. நீர் வற்றிய சூழலில் உருவான அக்கல்லின் மீதுதான் இன்று கிளியூர் அருவி கொட்டுகிறது! சேர்வராயன் மலைக்கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். திருச்செங்கோட்டுக் கல்லுக்கு 50 கோடியைச் சற்றே கடந்த வயது.

நம் சிற்பிகள் இப்பெயர்களை அறியார். எனினும் கல்லை அறிந்திருந்தனர். தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என வகுத்தனர். மூர்த்திக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று எனத் தேர்ந்தனர்.

அந்தக் கவனம் இன்றைய திருப்பணியிலும் வேண்டும். கடையில் ‘கறுப்புக் கிரானைட்’ என விற்பனையாவது பெரும்பாலும் இவ்விரண்டும் அன்று. டோலரைட் போன்ற வேறு கல். கண்ணாடிபோல் மெருகேற்றிய அப்பலகையைப் பிராகாரத்தில் பதித்தால், அபிஷேக நீரோ விளக்கெண்ணெயோ சிந்தியபோது முதியவர் கால் வழுக்கும். உளியால் கொத்திய பழைய தளமோ பாதத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே கல் உபயம் செய்யும் அன்பர்கள், கோயிலின் பழைய கல் எது என்று ஸ்தபதியிடம் கேட்டு, அதே இனத்தை, மெருகின்றிக் கொத்திய வடிவில் அளிப்பது நலம்.

உபயதாரர் பெயர் பொறித்த பலகை பளபளப்பாக இருக்கட்டும். அடியார் நடக்கும் கல் சொரசொரப்பாகவே இருக்கட்டும்.