மத்தியதரைக் கடல் எதற்கு, பழவேற்காடு இருக்கிறதே!

வெள்ளைப் பாய்மரப் படகு, அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் புதுமணத் தம்பதி, பின்னால் நீலக்கடல். மத்தியதரைக் கடல் படகுப் பயணம் என்றாலே இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். பார்த்ததும் "இதெல்லாம் பணக்காரங்க சமாசாரம்" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

ஆனால் இதைத் தொடங்கியது பணக்காரர்கள் இல்லை. ஜெவாத் ஷாகிர் என்ற துருக்கி எழுத்தாளர் 1925-இல் தண்டனையாக போத்ரும் என்ற கடலோர ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகில் ஏறி, பின்னாளில் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, கரையோரமாகவே நாள்கணக்கில் சுற்றினார். சொகுசு எதுவும் கிடையாது. அந்தப் பழக்கம்தான் பிறகு 'நீலப் பயணம்' என்று பெயர் பெற்று, பெரிய சுற்றுலாத் தொழிலாக வளர்ந்தது. நம் பக்கத்து மாநிலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளம் படகுவீடாக மாறியதும் இதே கதைதான். உழைப்பாளியின் படகுதான் இரண்டு இடத்திலும் முதல்.

இப்போது திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்? மின்சார ரயில் பிடித்து மெரினாவுக்கு. அல்லது வீட்டில் டிவி. பொன்னேரி வழியாகப் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி அதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1806-இல் தோண்டத் தொடங்கிய பக்கிங்ஹாம் கால்வாயில் சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய்வந்த காலமும் உண்டு. பாய் கட்டிய படகு அந்த ஊருக்குப் புதிதே இல்லை.

பிறகு ஏன் நிம்மதியாக ஏறிப் போக ஒரு படகு இல்லை?

காரணம் எல்லோருக்கும் தெரியும். 2011 டிசம்பர் 25 அன்று மீன்பிடிப் படகில் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் 22 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த நேரத்தில் தடை போட்டது சரி. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாக அவ்வப்போது செய்தி வந்தது. திருட்டுச் சவாரியில் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வது யார்? தலையை எண்ணுவது யார்?

தேக்கடியில் 2009-இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அங்கே படகு ஒரேயடியாக நிற்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கி மறுபடி ஓட்டினார்கள். "அப்படியானால் தானூர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 மே மாதம் அதே கேரளத்தில், தானூரில், 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றி ஓட்டியிருந்தார்கள். ஆக, விதி புத்தகத்தில் இருந்தால் போதாது, கரையில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் பாடம்.

பழவேற்காட்டில் அதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. ஏரி ஆழமில்லாதது. ஆபத்து அதிகம் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில். அந்தப் பக்கம் சவாரிப் படகு போகவே கூடாது. படகுக்கு இத்தனை பேர் என்று பலகை, எல்லோருக்கும் ஜாக்கெட், மழைக்காலத்தில் விடுமுறை, பறவை இருக்கும் பக்கம் இன்ஜின் சத்தம் இல்லாமல் துடுப்பும் பாயும் மட்டும். முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் அரசே படகு விடுகிறதே!

இன்னொன்று முக்கியம். இந்த உரிமம் வெளியூர் கம்பெனிக்குப் போகக் கூடாது. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதை 'பாடு' என்ற முறையில் முறைவைத்துப் பங்கிட்டு வந்தவர்கள் அந்த மீனவர்கள். படகுச் சவாரியையும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திடமே கொடுக்கலாம். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தபோது கடற்கரை அவர்கள் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. மீன் கிடைக்காத நாளில் கைக்கு நாலு காசு வர இது ஒரு வழி. ஏரி சுத்தமாக இருந்தால்தான் சவாரிக்கு ஆள் வரும் என்பதால், ஏரியைக் காப்பாற்றச் சொல்லும் குரலும் கூடும்.

சிப்காட் தம்பதிக்கு விமான டிக்கெட் வேண்டாம். சாயங்கால வெயிலில் ஒரு மணி நேரம், பத்திரமாக ஏற ஒரு படகு, பத்திரமாக இறங்க ஒரு படித்துறை. இதைக்கூடச் செய்துதர முடியாதா என்ன?