வேலை நாளுக்கு யார் பொறுப்பு?

சம்பளம் கூடியது என்ற செய்தி வரும்போதெல்லாம் ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்ட லயங்களில் எழும் அடுத்த கேள்வி, "மாசத்துக்கு எத்தனை நாள் வேலை?" என்பதுதான். நியாயமான கேள்வி.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அத்தோடு தோட்டக் கம்பனிகள் தொழிற்சங்கங்களுடனான கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்ற ஏற்பாடு அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தது. சபை நாட்கூலியை நிர்ணயிக்கும். வேலை நாளுக்கு உத்தரவாதம் தராது. பிறகென்ன, பல தோட்டங்களில் வேலை நாட்கள் சுருங்கின. நிறுக்கும் இடத்தில் கொழுந்து நிர்ணயித்த அளவுக்கு இரண்டு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளம்தான். வேலையே கொடுக்காத நாளுக்கு அதுவும் இல்லை. இது சம்பளமற்ற கட்டாய விடுமுறைதான்; கம்பனி அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பழைய ஒப்பந்தம் குறையற்றதல்ல. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்க்கு அதில் கையொப்பமிட்ட சங்கங்கள் மீது தொழிலாளருக்கு இருந்த கோபம் நியாயமானதே. ஆனாலும் பேச்சு மேசை இல்லாத இடத்தில் தோட்டத் துரை வைத்ததே சட்டம். தொழிற்சங்கங்கள் சந்தாவை மட்டும் கணக்குப் பார்க்காமல், வேலை நாட்களையும் கொழுந்தின் அளவையும் எழுத்தில் உறுதிசெய்யும் புதிய ஒப்பந்தத்துக்குக் கம்பனிகளை அழைக்க வேண்டும். தொழில் அமைச்சு அதற்கு நாள் குறிக்கட்டும்.